நிழற்படத்தில் ஒளியும் நிழலும்

கருவியாற் பதிக்கப்படும் உருவினை ஒளிப்படம் என்பாரும் உளர். நிழற்படம் என்பாரும் உளர். முரண்பட்டனபோலத் தோன்றும் இவ்விரு பெயரும் ஒரு கலையின் இரு கூறுகளையே குறிப்பனவாம். ஒளியின்றிப் படம் இல்லை. நிழலின்றி அப்படத்தில் உருவின் திரட்சி இல்லை. நிழற்பட நிலையத்தில் முகப்படம் எடுப்போர் இவ்விரண்டையும் அமைக்கும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முதற்கண் வேண்டுவது தலைமை விளக்கு. இஃது அமர்ந்திருப்பவர்க்கு ஒரு பக்கமாக ஏறக்குறைய 45 பாகை விலகியும், கண்மட்டத்திற்கு மேல் உயர்ந்தும் நிற்கும். ஞாயிற்றின் ஒளி மேலிருந்து வருதலையே கண்டு பழகிய நமக்கு, கீழிருந்து ஒளி பெறும் முகம் அச்சந் தருவதாகும். விளக்கை நேர்முன்னே வைப்பின், முகம் மேடுபள்ளம் இழந்து தட்டையாகும்.

எதிர்ப்பக்கத்து நிழல் மிகக் கறுத்துவிடாமல் தணிப்பது துணை விளக்கு. வெள்ளை அட்டை ஒன்றும் அப்பணியைச் செய்யவல்லது. பின்புறத்தே உயர வைக்கும் மூன்றாம் விளக்கு, கூந்தலின் ஓரத்தும் தோளினும் ஒளிக்கோடு படர்த்தி, உருவைப் பின்திரையினின்று பிரித்துக் காட்டும்.

தலைமை விளக்கைச் சற்றே மேலும் பக்கமாக நகர்த்தின், மூக்கின் நிழல் கன்னத்து நிழலோடு கூட, நிழற்பக்கத்துக் கண்ணின்கீழ் ஒரு சிறு முக்கோண ஒளி எஞ்சும். ஹாலந்து நாட்டு ஓவியர் ரெம்பிராண்டு (1606–1669) தீட்டிய முகங்களிற் காணப்படும் இவ்வமைப்பு, இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இனி, எம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்று. எம் பாட்டியார் தம் வாழ்நாளில் ஒருமுறையே நிழற்பட நிலையம் சென்றார். படம் பிடிப்பவர் அவர் முகத்திற் பவுடர் பூசி, நேர்முன்னே பெருவிளக்கை ஏற்றினார். படத்தில் பாட்டியார் வெளுத்திருந்தார். ஆயின், யாம் அறிந்த பாட்டியார் அதில் இலர். அவர் மறைந்தபின் எமக்கு எஞ்சியது அப்படம் ஒன்றே.

நேர்ந்த பிழை யாது? கருமேனி, தன்மேல் விழும் ஒளியிற் சிறு பகுதியையே மீட்டனுப்பும். அதன் வடிவைக் காட்டுவது மேலே மின்னும் பளபளப்பே. பவுடர் அப்பளபளப்பை மறைத்தது. முன்விளக்கு நிழலை அழித்தது. வெண்டுணியூடே வரும் அகன்ற மெல்லொளியைப் பக்கத்திலிருந்து செலுத்தியிருப்பின், அவர்தம் நெற்றியும் கன்னமும் தம் நிறத்தோடே விளங்கியிருக்கும்.

நிழலுக்கு அஞ்சாதார் எடுத்த படத்திற்கும் சான்று உண்டு. கல்கத்தாவிற் பிறந்து 1879இல் இலங்கையில் மறைந்த ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார், 1867இல் வானூலறிஞர் ஜான் ஹெர்ஷலைப் படமெடுத்தார். இருளினின்று எழும் அம்முகத்தில் முதுமையின் கோடுகளை அவர் மறைத்திலர். அவற்றாலேயே அறிஞரின் இயல்பு நமக்குப் புலனாகின்றது.

ஆகலின் நண்பர்காள், நும் பெற்றோரையும் மூத்தோரையும் படமெடுக்க அழைத்துச் செல்லுங்கால், வெளுக்கச் செய்யுமாறு வேண்டாதீர். விளக்கைப் பக்கத்தே வைக்குமாறு வேண்டுமின். அவர் முகத்தை அவர் முகமாகவே காத்து வைப்பது நிழலே.