ரத்தம் எடுக்கத் தெரிஞ்சவங்களுக்கு எதுக்கு மறுபயிற்சி?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

நான் சாஃப்ட்வேர் ஆளு. உள்ளே போகிற டேட்டா தப்பா இருந்தா, எவ்வளவு நல்ல புரோகிராமும் தப்பான பதிலைத்தான் தரும். அதையும் எந்த எர்ரரும் காட்டாம தரும். ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். மெஷின் சரியா இருக்கும், ரிப்போர்ட் அழகா பிரிண்ட் ஆகும். ஆனா தப்பு, ஊசி போட்ட அந்த ரெண்டு நிமிஷத்துலயே நடந்து முடிஞ்சிருக்கும். பல வருஷ அனுபவம் உள்ள நர்ஸுக்கும் லேப் டெக்னீஷியனுக்கும் மறுபயிற்சி தேவைப்படுறது இதனாலதான். உலக சுகாதார நிறுவனமே 2010-ல் ரத்தம் எடுக்கும் முறைக்குன்னு தனியா ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கு.

அனுபவசாலிகளுக்கு ஊசி போடுறது கஷ்டமில்லை. அவசரத்துல நழுவுறது சின்னச் சின்னப் படிகள்தான்.

முதல்ல, ஆள் யாருன்னு உறுதி பண்றது. "நீங்கதானே லட்சுமி?"ன்னு கேட்டா, அரைத் தூக்கத்துல இருக்கிறவங்க "ஆமா"ன்னுடுவாங்க. "உங்க பேரு என்னம்மா, பிறந்த தேதி என்ன?"ன்னு கேட்டு, அவங்க வாயால சொல்ல வைக்கணும்.

அடுத்து டூர்னிக்கெட். ஊசி போடுற இடத்துக்கு நாலஞ்சு விரல் அகலம் மேலே கட்டணும். 1 நிமிஷத்துக்கு மேல இறுக்கி வைக்கக் கூடாது. ரொம்ப நேரம் கட்டினா ரத்தத்துல இருக்கிற நீர் வெளியே கசிஞ்சு, புரோட்டீன் மாதிரியானவை கூடுதலா காட்டும். கையைத் திரும்பத் திரும்ப மூடித் திறக்கச் சொன்னா பொட்டாசியம் ஏறும்.

அப்புறம் 70% ஆல்கஹால். 30 விநாடி துடைச்சு, 30 விநாடி காய விடணும். ஈரத்தோட குத்தினா எரியும், ரத்த அணுக்களும் உடையலாம். துடைச்ச இடத்தை மறுபடி விரலால தொட்டுப் பார்த்தா, துடைச்சதே வீண்.

"நரம்பு கிடைக்கல"ன்னு நாம சொல்றோமே, அது உண்மையில் சிரை. நிஜமான நரம்பும் தமனியும் முழங்கை மடிப்போட உள்பக்கத்துல, ரொம்பப் பக்கத்துலயே ஓடுது. அதனால நடுவுல இருக்கிற சிரைதான் முதல் தேர்வு. ஊசியோட சாய்வு 30 டிகிரிக்குள்ள இருக்கணும். ஷாக் அடிக்கிற மாதிரி வலிக்குதுன்னு சொன்னா, உடனே ஊசியை எடுத்துடணும்.

இப்போ முக்கியமான விஷயம்: டியூப் வரிசை. பிளட் கல்ச்சர், வெளிர் நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியா சாம்பல். மனப்பாடம் பண்றதைவிட காரணம் தெரிஞ்சா மறக்காது. ஊதா டியூப்ல இருக்கிற ஈ.டி.டி.ஏ. ஒரு பொட்டாசியம் உப்பு. அது கால்சியத்தையும் பிடிச்சு வெச்சுக்கும். அதுல கொஞ்சம் அடுத்த டியூபுக்குப் போனாலே பொட்டாசியம் ஏறி, கால்சியம் இறங்கித் தெரியும். பொட்டாசியம் ஆபத்தான அளவுக்குக் குறைஞ்ச நோயாளிக்கு ரிப்போர்ட் "நார்மல்"னு வந்தா, டாக்டர் எதுவும் செய்யாம விட்டுடலாம். தப்பே இல்லாத மாதிரி தெரியுற தப்புதான் ரொம்ப ஆபத்து.

எடுத்து முடிச்சதும் டியூபை மெதுவா தலைகீழாப் புரட்டணும், குலுக்கக் கூடாது. லேபிளை நோயாளி முன்னாடியே ஒட்டணும். ஊசிக்கு மறுபடி மூடி போடாம, நேரா பாதுகாப்புப் பெட்டியில போடணும்.

நாங்க ஒருத்தர் எழுதின கோடை இன்னொருத்தர் படிச்சுப் பார்ப்போம். அதே மாதிரி, செக்லிஸ்ட்டை வெச்சு நீங்க ரத்தம் எடுக்கிறதை ஒரு சக ஊழியரைப் பார்க்கச் சொல்லுங்க. லேப் திருப்பி அனுப்பின சாம்பிள்களோட காரணத்தையும் கேளுங்க. எந்தப் படி நழுவுதுன்னு அதுலயே தெரிஞ்சிடும்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.