வயிற்றோட்டம்: ஒரு லீட்டர் என்ற அளவு ஏன் முக்கியம்?

வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு ஜீவனி எனும் ஓ.ஆர்.எஸ். உப்புக் கலவையைக் கரைத்துக் கொடுக்க வேண்டும் என்பது கண்டி மாவட்டத்தின் மஹியாவையிலும் கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களிலும் பெரும்பாலோருக்குத் தெரியும். ஆனால் பக்கெட்டைப் பிரித்து அப்படியே ஒரு தேத்தண்ணிக் கோப்பையில் கொட்டிக் கலக்குபவர்களும் இருக்கிறார்கள். கெட்டியாக இருந்தால் சத்து கூட என்பது அவர்கள் நினைப்பு. அந்த நினைப்பு பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகலாம். காரணம் குடலின் கலங்களில் இருக்கிறது.

குடலுக்குள் நடப்பது

கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வு கொழுப்பாலான இரட்டைப் படலம். உப்பும் குளுக்கோசும் அதைத் தாமாகக் கடக்க முடியாது. சவ்வில் பதிந்துள்ள புரதங்களின் வழியாகவே போக வேண்டும். சிறுகுடலில் உள்ள அத்தகைய புரதம் ஒன்று, ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுடன் இரண்டு சோடியம் அயன்களைச் சேர்த்தே உள்ளே எடுக்கும். உள்ளே வந்த சோடியத்தை இன்னொரு புரதம் கலத்தின் மறுபுறத்தால் இரத்தப் பக்கம் தள்ளிவிடுகிறது. உப்பு போகும் பக்கம் நீரும் போகும். பாடசாலையில் பிரசாரணம் என்று படித்தது இதைத்தான்.

இந்தக் கூட்டுப் போக்குவரத்தை 1960இல் பிராக் நகரில் விளக்கியவர் ரொபர்ட் கிரேன். கொலராவின் நச்சு, கலங்களிலிருந்து உப்பையும் நீரையும் குடலுக்குள் கொட்ட வைக்கும். ஆனால் குளுக்கோசும் சோடியமும் சேர்ந்து நுழையும் வழியை அது கெடுப்பதில்லை. 1971இல் மேற்கு வங்கத்தின் பொங்கான் அகதி முகாமில் கொலரா பரவியபோது, சேலைன் தீர்ந்துபோன நிலையில் டொக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

அளவு பிசகினால்

உலக சுகாதார நிறுவனத்தின் தற்போதைய கலவையில் ஒரு லீட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாதாரண உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைட்டு, 2.9 கிராம் சிட்ரேட் உப்பு இருக்கும். இதன் செறிவு இரத்தத்தின் செறிவைவிடச் சற்றுக் குறைவு. அதனால்தான் நீர் குடலிலிருந்து உடலுக்குள் போகிறது. ஒரு லீட்டருக்கான பக்கெட்டை 200 மில்லிலீட்டர் கோப்பையில் கரைத்தால் செறிவு ஐந்து மடங்காகும். அப்போது நீர் உடலிலிருந்து குடலுக்குத் திரும்பும், வயிற்றோட்டம் கூடும், இரத்தத்தில் உப்பு ஏறி வலிப்புக்கூட வரலாம்.

சோடாவும் போத்தல் பழச்சாறும் இதே கெடுதலைச் செய்யும். அவற்றில் சீனி மிக அதிகம், சோடியம் மிகக் குறைவு. வெறும் தண்ணீரை மட்டும் கொடுத்தால் இழந்த உப்பு திரும்பாது. தம்பிலியில் பொட்டாசியம் இருந்தாலும் சோடியம் போதாது. அது ஜீவனிக்கு மாற்றாகாது.

செய்ய வேண்டியது

• பக்கெட்டில் எழுதியுள்ள அளவை வாசியுங்கள். ஒரு லீட்டர் என்றிருந்தால், கொதித்தாறிய நீரை ஒரு லீட்டர் போத்தலாலோ, 500 மில்லிலீட்டர் போத்தலால் இரு தடவையோ அளந்து முழுப் பக்கெட்டையும் கரையுங்கள். மேலும் சீனி சேர்க்காதீர்கள். கரைத்தபின் கொதிக்க வைக்காதீர்கள். 24 மணித்தியாலத்துக்குப் பின் மீதியை ஊற்றிவிடுங்கள்.
• ஒவ்வொரு முறை வயிறு போன பின்பும் 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லிலீட்டர், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லிலீட்டர் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள்.
• ஜீவனி கிடைக்காத வேளையில், ஒரு லீட்டர் கொதித்தாறிய நீரில் மட்டமாக வழித்த 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம்.
• கண் குழிவிழுதல், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புதல், குடிக்க முடியாமை, மயக்கம், மலத்தில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். 1990 இலக்கத்தை அழைத்தால் அம்பியுலன்ஸ் இலவசமாக வரும். பேராதனையில் சிறுவர்களுக்கென்றே சிறிமாவோ பண்டாரநாயக்க வைத்தியசாலை இருக்கிறது.

உங்கள் உரிமைகள்

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். விளக்கத்தைத் தமிழில் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அலுவலரோடு தமிழில் அலுவல் செய்யும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை தருகிறது.

'ஓ.ஆர்.எஸ்.' என்ற பெயரோடு இனிப்புப் பானங்கள் விற்கப்பட்டதை எதிர்த்து ஹைதராபாத்தின் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடங்கள் போராடினார். 2025 ஒக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அத்தகைய பெயர்களைத் தடை செய்தது. பார்மசியில் வாங்கும்போது நாமும் பெயரை மட்டும் பார்க்காமல் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும். ஏமாற்றும் லேபல், குறித்த விலைக்கு மேல் விற்பனை ஆகியவற்றை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்தில் முறையிடலாம்.

நோய் வரும் வழியையும் கேள்வி கேட்க வேண்டும். அசுத்த நீரால் பரவக்கூடிய ஹெபடைடிஸ் ஏ செங்கமாரி 2007இல் கம்பளையில் பரவியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளமும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கின. வெள்ளம் புகுந்த கிணறும், மலசலகூடக் கழிவு கசியும் பீலியும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் குடிக்க ஏற்றவை அல்ல. லயத்தில் இரண்டு மூன்று வீடுகளில் ஒரே நேரத்தில் வயிற்றோட்டம் வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உடனே சொல்லுங்கள். நீரைப் பரிசோதிக்கக் கேளுங்கள். அறிக்கையைத் தர மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பக்கெட் ஜீவனியும் அளவு தெரிந்த ஒரு போத்தலும் இருக்கட்டும். ஜீவனியைச் சரியாகக் கரைக்க, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கும் பாட்டிக்கும் இன்றே சொல்லிக் கொடுங்கள்.