மௌனம் கடந்த கவிஞர்

லிங்கராஜபுரத்திலிருந்து அல்சூர் ஏரிக்கரை நெடுந்தொலைவு அன்று. அக்கரையில் 1950இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் உள்ளது. திருவள்ளுவர் சிலையும் உள்ளது. 1991இல் நிறுவப்பட்ட அச்சிலை 18 ஆண்டுகள் மூடப்பட்டே இருந்தது. 2009 ஆகஸ்டு 9 அன்று அது திறக்கப்பட்டது. நான்கு நாள்கள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. மூடியிருந்த கவிஞர் வெளிச்சம் காண்பதற்குப் பலருடைய நல்லிணக்கம் வேண்டியிருந்தது.

சிலைக்கு நேர்ந்தது வாழும் கவிஞருக்கும் நேர்வதுண்டு. நம் காலத்தில் அத்தகைய மௌனத்துள் சென்று மீண்டவர் பெருமாள்முருகன்.

திருச்செங்கோட்டை அடுத்த சிற்றூரில் 1966இல் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தந்தையார் திரையரங்கு ஒன்றில் சோடாக் கடை நடத்தினார். நாவலாசிரியராகப் பெரிதும் அறியப்பட்டாலும் அவர் கவிஞருமாவார்; கொங்கு வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதி தொகுத்தவர்; நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். ‘கூடு’ என்னும் பெயரில் அவர் நடத்திய சந்திப்புகளில் மாணவர்கள் கூடிப் படித்தனர், எழுதினர், விவாதித்தனர். சாதி குறித்துத் தம் வாழ்வனுபவங்களை இளைஞர்கள் பலர் எழுத, அவற்றைச் ‘சாதியும் நானும்’ என்னும் தொகுப்பாக அவர் பதிப்பித்தார். பிறரை எழுதவைப்பதையும் தம் பணியாகக் கொண்டவர் என்பதற்கு அந்நூலே சான்று.

2010இல் வெளிவந்த ‘மாதொருபாகன்’ நாவலுக்கு 2014 டிசம்பரில் கடும் எதிர்ப்பு எழுந்தது. மறு மாதம், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். இனிப் பெ. முருகன் என்னும் ஆசிரியர் மட்டுமே வாழ்வார் என்றும், தம் நூல்களைப் பதிப்பாளர்கள் விற்க வேண்டாம், அவர்களுக்கு நேரும் இழப்பைத் தாமே ஈடுசெய்வதாகவும் அவர் தெரிவித்தார். ஒரு மனிதர் தம் வாழ்நாள் உழைப்பு முழுவதையும் ஒரே நாளில் திரும்பப் பெற்றுக்கொள்வது எத்துணைத் துயரமானது என்பதை உழைத்துச் சேர்த்த எவரும் உணர்வர்.

எனினும், எழுத்து அவரை விட்டுவிடவில்லை. அம்மௌனத்தினுள்ளேயே 2015 பிப்ரவரியிலிருந்து கவிதைகள் வரத் தொடங்கின. அச்சிடும் எண்ணமின்றி, எவர் பார்வைக்கும் என்றில்லாமல் அவை எழுதப்பட்டன. நாவல் எழுத நெடிய அமைதி வேண்டும். கவிதைக்கு ஒரு தாளும் சில வரிகளும் போதும். உடைந்த மனத்தால் அன்று அவ்வளவே தாங்க முடிந்தது போலும்.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுத்தாளர் மீண்டெழுந்து தம் எழுத்துப் பணியைத் தொடர வேண்டும் என்பது அதன் சாரம். ஏறத்தாழ 18 மாத மௌனம் அத்துடன் முடிவுக்கு வந்தது. அடுத்த மாதமே, ஒளிந்திருந்து எழுதிய ஏறத்தாழ 200 கவிதைகள் ‘கோழையின் பாடல்கள்’ என்னும் நூலாகப் புதுதில்லியில் வெளியாயின. அவ்வாண்டின் இறுதியில் ஒரு வெள்ளாட்டின் கதையைச் சொல்லும் ‘பூனாச்சி’ வந்தது. நாவலாசிரியரை மீட்டு வந்தவர் கவிஞரே எனலாம்.

மீட்சி அத்துடன் நிற்கவில்லை. கருநாடக இசைக்கலைஞர் டி. எம். கிருஷ்ணாவுடன் இணைந்து அவர் கீர்த்தனைகள் இயற்றினார். ஐம்பூதங்களைப் பற்றிய அப்பாடல்கள் கச்சேரி மேடைகளில் ஒலித்தன. தனியறையில் தனக்கென எழுதிய கை, பலர் கூடிக் கேட்கும் பாட்டை எழுதியது. அதே கிருஷ்ணா, சென்னை பெசன்ட் நகரை அடுத்த மீனவர் குடியிருப்பில் நண்பர்களுடன் ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவைத் தொடங்கியவர். கவிஞர் மௌனத்தில் இருந்த 2015ஆம் ஆண்டில்தான் அவ்விழா நடைபெறத் தொடங்கியது. கருநாடக இசையும் பறையாட்டமும் வில்லுப்பாட்டும் ஒரே மேடையில் அமைந்தன. சபாவுக்குச் செல்வோர் குப்பத்துக்கு வந்தனர், குப்பத்தார் விருந்தோம்பினர். கலை ஊர்ப் பொதுவாகும்போது கலைஞருக்குத் துணை பெருகுகிறது.

2023இல் ‘ஆளண்டாப் பட்சி’ நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு ஜேசிபி இலக்கியப் பரிசு கிடைத்தது. மொழிபெயர்த்தவர் ஜனனி கண்ணன். இங்கும் கவிஞர் தனியே நிற்கவில்லை என்பதைக் காண்கிறோம்.

வங்கியில் இரண்டாண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் பரிவர்த்தனை ஏதும் செய்யாத கணக்கைச் செயலற்ற கணக்கு என்கிறோம். அதிலுள்ள பணம் அழிந்துவிடுவதில்லை. உரியவர் வந்து தம்மை மெய்ப்பித்தால் கணக்கு மீண்டும் இயங்கும். நம் வாடிக்கையாளர்களுள், கல்லூரி நாள்களில் கவிதை எழுதி, பணியும் குடும்பமுமாகி அக்குறிப்பேட்டைப் பரணில் ஏற்றியவர்கள் பலர் இருக்கக்கூடும். அவர்கள் அதனை இறக்கித் தூசி தட்டலாம். எடுத்த எடுப்பில் பெருநூல் வேண்டா. நான்கு வரிகள் போதும். எழுதியதை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் படித்துக் காட்டலாம். பின்னர் மாதம் ஒருமுறை நால்வர் கூட ஒரு வீட்டு மாடி போதும். லிங்கராஜபுரத்தில் மாடிகளுக்குக் குறைவில்லை.