உள்ளங்கை இராஜ்யங்கள்: சிக்கனத்தில் பிறந்த சிம்பியன்

ஆப்பிள் கைப்பேசியின் இயங்குதளம் 'நெக்ஸ்ட்' கணினியின் வம்சத்தில் வந்தது என்பதையும், அவ்வம்சத்தின் ஆணிவேர் கார்னெகி மெலன் சர்வகலாசாலையில் எழுதப்பட்ட 'மாக்' கெர்னலில் இருக்கிறது என்பதையும் சென்ற வாரம் பார்த்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது மறந்திராது, இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக மறுபடியும் விஸ்தரிக்க இடமில்லை. இந்த வாரம் ஆண்ட்ராய்டு என்று வாக்களித்திருந்தேன். அது வருவதற்கு முன் அந்த ஸ்தானத்தில் வீற்றிருந்த சிம்பியனைப் பற்றி இரண்டு பாரா எழுதிவிட்டு மேலே செல்லலாம் என்று உட்கார்ந்தவனை, 1984ஆம் ஆண்டு இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த ஒரு சிறு யந்திரம் பிடித்து நிறுத்திக்கொண்டுவிட்டது.

தென்னாப்பிரிக்காவில் பிறந்து, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பௌதிக ஆராய்ச்சியும் போதனையும் செய்துகொண்டிருந்த டேவிட் பாட்டர் என்பவர் 1980இல் 'சையான்' என்றொரு கம்பெனியைத் தொடங்கினார். சின்க்ளேர் வீட்டுக் கணினிகளுக்கு விளையாட்டுகளும், விமானம் ஓட்டிப் பார்க்கும் நிரல் ஒன்றும் எழுதி விற்று ஓரளவு பொருள் ஈட்டிய பின், சட்டைப்பைக்குள் அடங்கும் கணினி ஒன்றைச் செய்ய அவர்கள் துணிந்தார்கள். அதுவே நான் சொன்ன யந்திரம், பெயர் 'ஆர்கனைசர்'. அதன் சொந்த நினைவகம் 2 கிலோபைட். இன்று பொழுது விடிந்ததும் நமக்கு வந்து சேரும் 'காலை வணக்கம்' படம் ஒவ்வொன்றும் அதைவிடப் பல பத்து மடங்கு பெரியது.

இத்தனை சொற்ப இடத்தில் விலாசங்களையும் குறிப்புகளையும் எங்கே வைப்பது? செருகிக் கழற்றக்கூடிய 'டேட்டாபேக்' என்ற வில்லையில் வைத்தார்கள். அதனுள் இருந்தது இப்ராம் வகைச் சில்லு. பாட்டரி தீர்ந்தாலும் எழுதியது அழியாது என்பது அதன் மகத்துவம். எழுதியதை நாமே நினைத்தாலும் எளிதில் அழிக்க முடியாது என்பது அதன் தோஷம். அந்தச் சில்லில் ஒவ்வொரு பிட்டும் ஒன்றாகத்தான் பிறக்கிறது. எழுதும்போது ஒன்றைப் பூஜ்யமாக்கலாமே ஒழிய, அந்தப் பூஜ்யத்தை மறுபடியும் ஒன்றாக்க மின்சாரத்தால் இயலாது. ஆகவே ஒரு நண்பரின் விலாசத்தை நீக்கும்படி நாம் பொத்தானை அழுத்தினால், யந்திரம் அந்த விலாசத்தைத் தொடாமல், அதன் தலைப்பில் மீதமிருந்த ஒரு பிட்டை மட்டும் பூஜ்யமாக்கி, 'இது நீக்கப்பட்டது' என்று அடையாளமிட்டுவிட்டு நகர்ந்துவிடும். விலாசம் உள்ளே அப்படியே கிடக்கும். அது அடைத்துக்கொண்டிருந்த இடமும் திரும்பக் கிடைக்காது. வில்லை நிரம்பியதும், வேண்டியவற்றை வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொண்டு, வில்லையைக் கழற்றி, அதற்கென்றே விற்கப்பட்ட பெட்டியில் புற ஊதா ஒளியில் சிறிது நேரம் வைத்தெடுத்தால்தான் பூஜ்யங்களெல்லாம் மறுபடியும் ஒன்றுகளாகும்! ஒரு வரியைச் சேர்ப்பதற்கு முன் அது அவசியந்தானா என்று மனிதனை யோசிக்கவைத்த கணினி அதற்குப் பிறகு வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இதை நான்கு பேரிடம் சொல்லியாயிற்று. ஐந்தாவதாக உங்களிடம் சொல்லாமல் ஆண்ட்ராய்டுக்குப் போக மனம் வரவில்லை.

இந்தச் சிக்கனம் சையான் கம்பெனியின் சுபாவமாகவே ஆகிவிட்டது. 1997இல் வந்த 'சீரீஸ் 5' என்ற கையடக்கக் கணினி, பென் டார்ச்சில் போடுகிற பாட்டரிகள் இரண்டைக் கொண்டே ஓடியது. அதன் இயங்குதளம் 'ஈபாக்'. இத்தகைய யந்திரத்தை அடிக்கடி அணைத்து ஏற்றும் வழக்கம் யாருக்கும் இல்லையாதலால், மாதக்கணக்கில் ஓய்வின்றி நடக்கும் நிரல் ஒன்று ஒவ்வொரு முறையும் சில பைட்டுகளை வாங்கிக்கொண்டு திருப்பித் தர மறந்தால், ஒருநாள் நினைவகம் முழுவதும் வறண்டு யந்திரமே நின்றுபோகும். அதைத் தடுக்க அவர்கள் செய்த ஏற்பாடு விசேஷமானது. கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு எடுக்கும் பாத்திரங்களுக்குச் சமையற்காரர் வாங்கிய வரிசையில் ஒரு ஜாபிதா எழுதிவைத்து, முகூர்த்தம் பாதியில் நின்றுபோனாலும் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துவிடுவதைப் போல, நினைவகத்தில் கடன் வாங்கும் ஒவ்வொரு நிரலும் தான் வாங்கியதை ஓர் அடுக்கில் பதிந்துவைக்க வேண்டும். காரியம் இடையில் முறிந்தால் இயங்குதளமே அந்த அடுக்கைக் கலைத்து அனைத்தையும் மீட்டுக்கொள்ளும். இடையில் முறியக்கூடிய ஒவ்வொரு செயற்கூற்றின் பெயரும் 'எல்' என்ற எழுத்தில் முடிய வேண்டும் என்று விதித்து, அபாயத்தைப் பெயரிலேயே பொறித்துவைத்தார்கள். நிரலைச் சோதிக்கும்போது வேண்டுமென்றே நினைவகத்தைத் தர மறுத்து, அது எவ்வாறு விழுகிறது, விழுந்தபின் கடனைத் தீர்த்ததா என்று பரீட்சிக்கும் வசதியையும் செய்துவைத்தார்கள்.

1998ஆம் ஆண்டு சையானும் நோக்கியாவும் எரிக்ஸனும் மோட்டரோலாவும் கூடி இந்த ஈபாக்கை மூலதனமாக வைத்துத் தொடங்கியதே சிம்பியன் கம்பெனி. அடுத்த பத்தாண்டுகளில் உலகத்தில் விற்ற ஸ்மார்ட்போன்களில் பாதிக்கும் மேற்பட்டவை அதன் ஆளுகைக்குள் வந்தன. இராஜ்யம் விரிந்தால் திருடர்களும் வருவார்கள் அல்லவா? 2004இல் 'காபிர்' என்ற புழு நிரல் தோன்றி, புளூடூத் வழியாகக் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவத் தொடங்கியது. ஏற்கிறீர்களா என்று கேட்கும்; மாட்டேன் என்றால் மறுபடியும் கேட்கும்; அந்த இடத்தைவிட்டு நாமே நகர்ந்து சென்றாலொழிய ஓயாது. மறு ஆண்டு ஹெல்சிங்கியில் நடந்த உலகத் தடகளப் போட்டியின்போது, நோக்கியாவின் சொந்த நாட்டிலேயே, நெருங்கி அமர்ந்திருந்த பார்வையாளர்களிடையே அது பரவியதாக அந்நகரத்து எஃப்-செக்யூர் கம்பெனி அறிவித்தது. அது தகவல்களைத் திருடவில்லை. இடைவிடாது அடுத்த கைப்பேசியைத் தேடித் தேடிப் பாட்டரியைத் தீர்த்ததே அது செய்த பெரிய தீங்கு. சிக்கனத்தையே தர்மமாகக் கொண்ட ஒரு தளத்துக்கு இதைவிடப் பொருத்தமான சத்துரு அமைந்திருக்க முடியாது.

ஆனால் சிம்பியனை வீழ்த்தியது புழுவல்ல. 2007இல் நோக்கியாவின் புகழ்பெற்ற என்95 முதலில் வந்தபோது அதன் நினைவகம் 64 மெகாபைட். அதே ஆண்டில் வந்த முதல் ஐபோனில் 128 மெகாபைட். நினைவகம் மலிந்துவிட்ட அக்காலத்தில், ஜாபிதா எழுதிக்கொண்டே வேலை செய் என்ற பழைய விதியைப் புதிதாகச் செயலி எழுத வந்த இளைஞர்கள் தண்டனையாகவே கருதினார்கள். அதற்கு மேல், நோக்கியாவின் 'எஸ்60' தோற்றத்துக்காக எழுதிய செயலி, சோனி எரிக்ஸன் கைக்கொண்ட 'யுஐக்யூ' தோற்றத்தில் ஓடாது. ஒரே தளம் என்பது பேரளவில்தான். வறுமையில் கற்றதைச் செல்வத்தில் தளர்த்திக்கொள்ளத் தெரியாமற்போனதே சிம்பியனின் பிழை என்பது என் அபிப்பிராயம். நோக்கியாவின் நிர்வாகக் குழப்பமே பிரதான காரணம் என்பாரும் உளர், அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. 2011 பிப்ரவரியில் நோக்கியாவின் தலைவர் ஸ்டீபன் ஈலாப், இனி மைக்ரோஸாஃப்டின் விண்டோஸ் போனே பிரதான தளம் என்று அறிவித்தார். அந்த அறிவிப்புக்கு மறு ஆண்டு, 41 மெகாபிக்ஸல் காமிராவோடு 808 பியூர்வியூ வந்தது. அவ்வளவு பெரிய காமிராவைச் சிம்பியனின் கடைசிக் கைப்பேசியில் வைத்துக் கொடுத்த மனோபாவத்தை எப்படி விளங்கிக்கொள்வதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

ஆசிரியர் கொடுத்த பக்கம் தீர்ந்துவிட்டது. ஆண்ட்ராய்டு அடுத்த வாரம் நிச்சயம். ஆயினும் அதன் செயலிகளை முதல் சில ஆண்டுகள் ஓட்டிய 'டால்விக்' என்ற கற்பனை யந்திரத்துக்கு, டான் போர்ன்ஸ்டீன் என்ற பொறியாளர் ஐஸ்லாந்தின் வடகரையிலுள்ள ஒரு மீன்பிடி ஊரின் பெயரை வைத்திருக்கிறார் என்று நேற்றிரவு படித்தேன். அந்த ஊரை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆண்ட்ராய்டுக்குள் நுழைய வேண்டியிருக்கும் என்பதை வாசகர்கள் இப்பொழுதே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.