ஒட்டுப் போடவும் ஒரு க்யூ

ஆண்ட்ராய்ட் போன் வைத்திருக்கும் எவரும், தெரிந்தோ தெரியாமலோ, லினக்ஸ் உபயோகிப்பவர்தான். அதை யாரும் இலவசமாக எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், தன் விருப்பத்துக்குத் திருத்தலாம். ஆனால் அந்தத் திருத்தம் மூலப் பிரதியில் ஏற வேண்டுமென்றால் கதை வேறு. 1991ல், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது இதைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சம்மதிக்க வேண்டும்.

திருத்தத்துக்குப் பெயர் பேட்ச். கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடுவது போலத்தான். நீக்க வேண்டிய வரிக்கு முன் கழித்தல் குறி, சேர்க்க வேண்டியதற்கு முன் கூட்டல் குறி. அந்தத் துண்டு மட்டும் ஈமெயிலில் போகும்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் துண்டுகள் மலையாகக் குவிந்தன. லினஸ் பலவற்றுக்குப் பதிலே போடவில்லை. வேண்டாமென்று ஒதுக்கினாரா, பார்க்கவே இல்லையா? அனுப்பியவருக்குத் தெரியாது. சம்பளமில்லாமல் ராத்திரி கண்விழித்து எழுதியவருக்கு நிராகரிப்பைவிட இந்த மௌனம்தான் எரிச்சலூட்டியது. 1998 செப்டம்பரில் சச்சரவு முற்றி, லினஸ் விடுமுறை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்.

2002 ஜனவரியில் ராப் லேண்ட்லி ஒரு யோசனை சொன்னார்: சில்லறை பேட்ச்களைத் திரட்டித் தர தனியாக ஒருவரைப் போட்டால் என்ன? லினஸ் மசியவில்லை. தன்னால் சுமக்க முடியாததை இன்னொரு தனி ஆள் மட்டும் எப்படிச் சுமப்பார் என்பது அவர் வாதம். தான் நம்பும் பத்து, இருபது பேரிடம் வாங்கிக்கொள்வேன். அவர்கள் தாங்கள் நம்புகிறவர்களிடம் வாங்கட்டும் என்றார். கறாரான பதில்தான். ஆனால் இன்றுவரை தாக்குப்பிடிக்கும் ஏற்பாடு அதுவே. 2005 ஏப்ரலில் சில நாட்களில் லினஸ் எழுதிய கிட் என்ற மென்பொருள், கைமாறும் வேலையைச் சுலபமாக்கியது.

இப்போது நெட்வொர்க், டிஸ்க் என ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர்கள் உண்டு. பேட்ச் முதலில் அவர்களிடம் போகிறது. புதிய வசதிகளுக்குக் கதவு திறப்பது இரண்டே வாரம். பிறகு ஏழு வாரம் போல, பழுது நீக்கம் மட்டும்தான். அதிலும், நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை என்ற புகாருக்கே முதல் மரியாதை. எத்தனை அழகான புது வசதியும் அதன் பின்னால்தான் நிற்க வேண்டும். ஏற்கனவே வெளியான பதிப்பில் சேரும் திருத்தத்துக்கோ நிபந்தனை இன்னும் கடுமை: 100 வரிக்கு மேல் கூடாது, புதிய பிரதியில் முன்பே ஏறியிருக்கவும் வேண்டும்.

ஒரு பதிப்புக்கு பத்தாயிரம் மாற்றங்களுக்கு மேல் சேர்கின்றன. எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை, படித்துப் பார்க்கிறவர்களுக்குத்தான். பழைய மௌனமும் முற்றாகப் போய்விடவில்லை. புதியவர்களுக்கான லினக்ஸ் வழிகாட்டியே சொல்கிறது: பதில் வராவிட்டால் ஒரு வாரமாவது பொறுத்திருந்து, 'ரீசென்ட்' என்று தலைப்பில் சேர்த்து மறுபடி அனுப்பவும்.