ஆவாரைக்கு இடம் கொடுப்போம்

கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வான்சிறப்பை வைத்தார் திருவள்ளுவர். இறைவனுக்கு அடுத்தபடியாக மழையைப் போற்றிய மண்ணில் பிறந்தவர்கள் நாம். அந்த மழை தந்த நீரை எங்கே கொட்டுகிறோம் என்று சற்றே எண்ணிப் பார்ப்போமா?

பெரிய கட்டடங்களின் முன்னே பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் கொரியன் புல் வளர்க்கிறார்கள். அருகிலேயே 'புல்லின் மேல் நடக்காதீர்' என்ற பலகையும் நிற்கும். விளையாடவும் உதவாத, மாடு மேயவும் உதவாத அந்தப் புல்லுக்குக் கோடையில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் கொண்ட புல்தரைக்கு 500 லிட்டர்! அது முப்பது குடங்களுக்கும் மேல். மதிலுக்கு உள்ளே ரப்பர் குழாய் நீரைப் பீய்ச்சும்போது, மதிலுக்கு வெளியே தண்ணீர் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் காத்திருக்கின்றன. 2019-ஆம் ஆண்டு ஏரிகள் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததை நாம் மறக்கலாமா?

புல்தரை ஆங்கிலேயரிடமிருந்து நாம் கற்ற பழக்கம். லண்டனில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான். ஆனால் அது எல்லா மாதங்களிலும் பெய்கிறது. வெயிலும் குறைவு. சென்னையில் சுமார் 1400 மில்லிமீட்டர் பெய்தாலும், பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆழமாக வேரோடாத புல் கோடையில் எப்படித் தாங்கும்?

நம் மண்ணின் செடிகளோ இந்த வெயிலுக்கே பழகியவை. ஆவாரையின் வேர் ஆழத்தில் ஈரம் தேடும். அதன் இலையில் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். ஆடாதோடை இருமலுக்கு மருந்து. ஆடும் அதைத் தின்னாது. மதில் காத்த வீரர் நொச்சியும், பெரும்போர் புரிந்தோர் தும்பையும் சூடினர் என்று தேர்வுக்குப் படிக்கிறோம். அவற்றைக் கண்ணால் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

மாற்றுவது கடினமன்று. கோடையில் புல்லை வேரோடு கொத்திப் புரட்டி வெயிலில் காயவிட வேண்டும். மழைக்காலத் தொடக்கத்தில் கன்றுகளை நட்டு, அடியில் சருகுகளைப் பரப்ப வேண்டும். சருகு ஈரத்தைக் காக்கும். எனவே அதை எரிக்கலாகாது. வறட்சியைத் தாங்கும் செடிதானே என்று முதல் நாளே கைவிட்டுவிடவும் கூடாது. வேர் ஊன்றும்வரை, முதல் ஓராண்டேனும் அளவாக நீர் ஊற்ற வேண்டும். விளையாட்டுத் திடலின் புல் இருக்கட்டும். கால் படாத புல்லை மட்டும் மாற்றுவோம்.

பாதுகாப்பான குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்று 2015-இல் 'லவுதாத்தோ சி' திருமடலில் எழுதினார் திருத்தந்தை பிரான்சிஸ். நம் மாதா கெபியின் முன்னுள்ள புல்தரையிலேயே இப்பணியைத் தொடங்க மதரும் சிஸ்டர்களும் அனுமதி தருவார்களாக! அன்னையின் திருவடியில் ஆவாரம்பூ பொன்னாய்ப் பூக்கும். குடத்துக்குச் சேர வேண்டிய நீர் குடத்துக்கே சேரும்.