ஒரே கடையில் சோலாரும் ஷொப்பிங் பேக்கும்: எமது வியாபாரிகளை எப்படிப் புரிந்துகொள்வது?

தரம் 9 மாணவர்களுக்கு இவ்வருடம் ஓர் ஒப்படை கொடுத்திருந்தேன். ஊரிலுள்ள ஐந்து கடைகளுக்குச் சென்று, சுற்றாடலைப் பாதுகாக்க அந்தக் கடைகளில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுதி வர வேண்டும். பிள்ளைகள் உற்சாகமாகப் போனார்கள், குழப்பத்தோடு திரும்பி வந்தார்கள். ஒரு மாணவி எழுதியிருந்தது இது: "இந்தக் கடையின் கூரையில் சோலார் இருக்கிறது. ஆனால் ஒரு கிலோ சீனிக்கும் ஒரு சவர்க்காரத்துக்கும் இரண்டு பேக் கொடுக்கிறார்கள். டீச்சர், இவர் சுற்றாடலை நேசிக்கிறவரா, இல்லையா?"

அந்தக் கேள்விக்குப் புள்ளி போட்டேன், பதில் எழுதவில்லை. ஏனென்றால் அது எனக்குப் புதிய கேள்வியல்ல. சாய்ந்தமருதில் சில்லறைக் கடை வைத்திருக்கும் என் காக்காவும் அப்படித்தான். கூரையில் சோலார் பூட்டியிருக்கிறார். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஷொப்பிங் பேக் கட்டுக்கட்டாகத் தொங்குகிறது. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்திலிருந்து சுற்றாடல் பற்றிப் பேசி வரும் நான், அந்த பேக்குகளுக்காக அவரோடு எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறேன்.

இப்போது யோசித்துப் பார்த்தால், கேள்வியே பிழையாக இருந்திருக்கிறது. ஒரு வியாபாரிக்குச் சூழல் மீது அன்பு இருக்கிறதா என்று நாம் கேட்கிறோம். கேட்க வேண்டியது வேறு: இந்த மாற்றத்துக்கான காசை யார் கொடுக்கிறார்? அதன் பயன் யாருக்குப் போகிறது? எப்போது போகிறது? இந்த மூன்றையும் கேட்டால் சோலாரும் பேக்கும் எதிரெதிர்த் திசையில் நிற்பது தெரியும்.

சோலார்: செலவும் அவருடையது, இலாபமும் அவருடையது

இலங்கையில் கூரைமேல் சூரிய மின்சாரம் பரவலானது 2016 செப்டெம்பரில் தொடங்கப்பட்ட 'சூரிய பல சங்கிராமய' திட்டத்துக்குப் பிறகுதான். அதில் மூன்று வழிகள் இருந்தன. முதலாவதில், பகலில் நாம் மின்கட்டமைப்புக்குக் கொடுக்கும் அலகுகள் இரவில் எடுக்கும் அலகுகளோடு கழிக்கப்படும். மிஞ்சினால் அடுத்த மாதக் கணக்கில் சேரும், பணம் கிடையாது. இரண்டாவதில் மிஞ்சும் அலகுகளுக்குப் பணம் கிடைக்கும். மூன்றாவதில் உற்பத்தி முழுவதையும் விற்றுவிட்டு, பாவிக்கும் மின்சாரத்துக்கு வழமைபோல பில் கட்ட வேண்டும். அப்போது ஓர் அலகுக்கு முதல் 7 வருடங்களுக்கு 22 ரூபாவும், அடுத்த 13 வருடங்களுக்கு 15.50 ரூபாவும் என்று விலை நிர்ணயிக்கப்பட்டது.

ஆனாலும் எமது பஸாரில் கூரைகள் நிரம்பத் தொடங்கியது 2022க்குப் பிறகுதான். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம். அதாவது 100 ரூபா பில் கட்டியவர் ஆறே மாதத்தில் ஏறத்தாழ 290 ரூபா கட்டும் நிலை. குளிர்பானம், ஐஸ்கிரீம், உறைந்த கோழி விற்கும் கடையில் குளிர்சாதனப் பெட்டி இரவு பகலாக ஓட வேண்டும். அந்தக் கடைக்காரருக்கு சோலார் பற்றி யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியிருக்கவில்லை. பில்லே அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தது.

ஆனால் எல்லாத் தொழிலுக்கும் கணக்கு ஒன்றல்ல. தையல் கடைக்காரரின் இயந்திரங்கள் இழுக்கும் மின்சாரம் கொஞ்சம். அவருக்கு சோலாரின் முதலீடு திரும்பி வர நீண்ட காலம் எடுக்கும். பேக்கரிக்காரரின் வேலை நள்ளிரவில் தொடங்குகிறது. பகலில் கொடுத்ததை இரவில் திருப்பி எடுக்கும் வழி இருந்தால்தான் அவருக்குச் சரிவரும். வெல்டிங் பட்டறைக்காரர் வெயில் நேரத்திலேயே வேலை செய்கிறார், ஆனால் கடை வாடகைக்கு. கூரை சொந்தக்காரருடையது, அடுத்த வருடம் வெளியேறச் சொன்னால் பெனல்களைக் கழற்றிக்கொண்டு எங்கே போவது? எமது பிரதான வீதியில் எத்தனையோ கடைகளின் நிலை இதுதான்.

எமது சமூகத்துக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. சோலார் பூட்டப் பெருந்தொகை வேண்டும். வங்கிக் கடன் என்றால் வட்டி. வட்டிக்கு அஞ்சிக் கடன் எடுக்காமல், காசு சேரும் வரை காத்திருக்கும் வியாபாரிகளை நான் அறிவேன். வட்டியில்லா முறையில் பொருளை வங்கி வாங்கித் தவணைக்குத் தரும் வசதி இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அவர்களைப் பார்த்து 'பழைய காலத்து ஆட்கள்' என்று சொல்வது அநியாயம்.

கடலோரம் என்பதையும் மறக்கக் கூடாது. உப்புக்காற்றில் ஆணியும் தாங்கியும் துருப்பிடிக்கும். பெனலில் உப்பும் தூசியும் படிந்தால் உற்பத்தி குறையும். மலிவான இரும்புச் சட்டத்தில் பூட்டிவிட்டு, சில வருடங்களில் தலையில் கைவைத்தவர்களின் கதை பஸாரில் வேகமாகப் பரவும். ஒருவரின் கசப்பு அனுபவம் பத்துப் பேரின் முடிவை மாற்றிவிடும்.

நம்பிக்கை ஏன் தளர்ந்தது?

2022இல் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. அப்போது சோலார் வைத்திருந்தவர்களும் நடுப்பகலில் மின்சாரம் இல்லாமல் இருந்தார்கள். "வெயில் அடிக்குது, பெனல் இருக்கு, ஏன் கரண்ட் இல்ல?" என்று காக்கா என்னிடம் கேட்டார். காரணம் இலகுவானது. பற்றரி இல்லாமல் மின்கட்டமைப்போடு மட்டும் இணைந்த சோலார், கட்டமைப்பில் மின்சாரம் நின்றவுடன் தானாகவே நின்றுவிடும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறித் திருத்தும் ஊழியருக்கு உயிராபத்து. விற்பனை செய்தவர் இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் அது ஏமாற்றமாகத் தெரிந்திருக்காது.

2025 ஏப்ரலில் இன்னொன்று நடந்தது. புத்தாண்டு விடுமுறை நாட்களில், பிற்பகல் 3 மணி வரை கூரைமேல் சோலார்களை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. நேற்று வரை 'பூட்டுங்கள்' என்றவர்கள் இன்று 'நிறுத்துங்கள்' என்கிறார்களே என்று பலரும் கோபப்பட்டார்கள். ஆனால் அதற்கும் ஒரு விளக்கம் உண்டு. மின்கட்டமைப்பில் ஒவ்வொரு நொடியும் உற்பத்தியும் பாவனையும் சமமாக இருக்க வேண்டும். விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடப்பட்டு பாவனை குறைகிறது, வெயிலோ குறைவதில்லை. தேவைக்கு மேல் மின்சாரம் சேர்ந்தால் சமநிலை குலையும். சில வாரங்களுக்கு முன்னர்தான், பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் இருளில் மூழ்கியிருந்தது. இதற்கான தீர்வு பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கும் பற்றரிகளும், பலமான கட்டமைப்பும்தான்.

இதற்கிடையில் புதிதாக இணைபவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் விலையும் மாறிக்கொண்டே வந்தது. 2022இல் ஓர் அலகு 37 ரூபா. 2024இல் 27 ரூபா. 2025இல் சிறிய அமைப்புகளுக்கு 20 ரூபாவைச் சற்றுத் தாண்டிய தொகை. வியாபாரி நட்டத்தைத் தாங்குவார். நிச்சயமின்மையைத் தாங்க மாட்டார். அத்தோடு 2021 மே மாதம் ஒரே இரவில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றதை எமது மாவட்டத்து நெற்காணிக்காரர்கள் மறக்கவில்லை. வயல்காரரின் கையில் காசில்லாவிட்டால் கல்முனை பஸாரில் வியாபாரமில்லை. ஆகவே 'பசுமை' என்ற சொல்லைக் கேட்டாலே சிலர் முகம் சுளிப்பதற்கு அவர்களின் அனுபவமும் ஒரு காரணம்.

பேக்: செலவு கடைக்காரருடையது, பயன் ஊருடையது

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே வருடம் செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து உயர் அடர்த்தி பொலித்தீன் பேக்குகளும், லன்ச் சீட்டும், ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டிகளும் தடைசெய்யப்பட்டன.

அந்த மாதம் என் வற்புறுத்தலால் காக்கா பேக் கொடுப்பதை முற்றாக நிறுத்தினார். இரண்டு வாரம்தான். வழமையாக வரும் முகங்கள் எதிர்க்கடையில் நின்றன. அங்கே வேறு வகைப் பொலித்தீனில் செய்த பேக் தாராளமாகக் கிடைத்தது. ஒருநாள் இரவு காக்கா சொன்னார்: "நீ மாசம் முடிஞ்சா சம்பளம் எடுக்கிற ஆள். எனக்கு ஆள் வந்தாத்தான் சோறு. ஊர் நல்லா இருக்கிறதுக்கு நான் மட்டுமா நட்டப்படணும்?"

அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்று அதுதான் சரியான விளக்கமாகத் தெரிகிறது. சோலாரில் காசு போட்டவருக்கே இலாபம் வருகிறது. பேக்கை நிறுத்தினால் நட்டம் நிறுத்தியவருக்கு, நன்மை எல்லோருக்கும். தனியாக நிறுத்துபவர் தண்டிக்கப்படுகிறார்.

'மக்கும் பேக்' வாங்கலாமே என்போம். அது விலை கூட. அதிலும் எல்லாம் உண்மையில் மக்குவதில்லை. சில வகைகள் வெயிலில் சிறு துண்டுகளாக உடைந்து மண்ணில் பொலித்தீனாகவே கிடக்கின்றன; அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் அப்படிப்பட்டவற்றை 2021இல் தடைசெய்தது. எது உண்மை, எது விளம்பரம் என்று சில்லறைக் கடைக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

ஆனால் அந்த நட்டக் கணக்கின் மறுபக்கமும் எமது மாவட்டத்திலேயே இருக்கிறது. அம்பாறை மாவட்டம் பள்ளக்காட்டில், சுற்றியுள்ள ஊர்களின் குப்பை கொட்டப்படும் மேட்டில், எட்டு வருடங்களில் ஏறத்தாழ 20 யானைகள் பிளாஸ்டிக் உண்டு இறந்ததாக 2022 ஜனவரியில் உலகச் செய்திகளில் வந்தது. அவற்றின் வயிற்றில் கிடந்தவை பொலித்தீனும் உணவு சுற்றிய உறைகளும். மாரி மழையில் எமது வடிகான்கள் அடைபட்டு வீட்டு வாசலில் நீர் நிற்கும்போது அள்ளிப் பார்த்தால் வருவதும் அதே பேக்தான். இலவசமாக வாங்கிய பேக்குக்கு நாம் வேறிடத்தில் விலை கொடுக்கிறோம்.

இரண்டு நாடுகளின் பாடம்

2002ஆம் ஆண்டு இரண்டு நாடுகள் இதைக் கையில் எடுத்தன. வெள்ளத்தில் வடிகான்கள் அடைபட்டுத் தவித்த பங்களாதேஷ், மெல்லிய பொலித்தீன் பேக்கைத் தடைசெய்த உலகின் முதல் நாடானது. அயர்லாந்து தடைசெய்யவில்லை, ஒவ்வொரு பேக்குக்கும் 15 சதம் அறவிட வேண்டும் என்று எல்லாக் கடைகளுக்கும் சட்டமாக்கியது. அயர்லாந்தில் பேக் பாவனை ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்தது. பங்களாதேஷில் கண்காணிப்புத் தளர்ந்து பேக்குகள் திரும்பி வந்தன. 2024இல் அந்தத் தடையை மீண்டும் நடைமுறைப்படுத்தப் போவதாக அறிவிக்க வேண்டியிருந்தது.

அயர்லாந்தில் நடந்தது என்ன? எல்லாக் கடையிலும் ஒரே நாளில் விலை வந்ததால் எந்தக் கடைக்காரரும் வாடிக்கையாளரை இழக்கவில்லை. என் காக்காவின் பிரச்சினைக்கு அதுதான் மருந்து.

இலங்கையிலும் 2025 நவம்பர் முதலாம் திகதியிலிருந்து பிடியுள்ள பொலித்தீன் பேக்குகளை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, விலையைப் பில்லில் காட்ட வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. பெரிய சுப்பர் மார்க்கெட்டுகளில் அது நடக்கிறது. கையால் பில் எழுதும், அல்லது பில்லே எழுதாத எமது சில்லறைக் கடைகளில் அது நடக்க வேண்டுமானால் சட்டம் மட்டும் போதாது. ஊரின் உடன்பாடு வேண்டும்.

ஊர் சேர்ந்தால் முடியும்

எமது ஊர்களில் அந்த உடன்பாட்டை உண்டாக்கக்கூடிய இரண்டு அமைப்புகள் இருக்கின்றன: வர்த்தக சங்கமும் பள்ளிவாசலும். குறிப்பிட்ட ஒரு நாளிலிருந்து பிரதான வீதியில் எந்தக் கடையிலும் பேக் இலவசமில்லை என்று வர்த்தக சங்கம் ஒரே குரலில் அறிவிக்கட்டும். அதன் காரணத்தை ஜும்ஆவில் சொல்லட்டும். வீண்விரயத்தைக் கண்டிக்கும் மார்க்கத்தைப் பின்பற்றுகிறவர்களுக்கு அது விளங்காத விடயமல்ல. நோன்புக் கஞ்சிக்கு வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுபோன பிள்ளைகள்தாம் நாம். ஒரே சஹனில் சுற்றியிருந்து சாப்பிட்ட சமூகத்துக்கு, வலீமாவில் பிளாஸ்டிக் தட்டு எப்போது அவசியமானது?

மருதமுனைக் கைத்தறி நாடறிந்தது. வெட்டுத் துண்டுகளில் துணிப்பை தைத்துக் கடைகளுக்குக் கொடுத்தால் சில பெண்களுக்கு வருமானமாகும். சோலார் விடயத்தில், கட்டிடச் சொந்தக்காரரும் வாடகைக் கடைக்காரரும் செலவையும் சேமிப்பையும் பங்கிட்டு எழுத்தில் ஒப்பந்தம் செய்யலாம். பூட்டும் நிறுவனத்திடம் துருப்பிடிக்காத தாங்கியா, மின்வெட்டில் இயங்குமா, பராமரிப்பு யார் பொறுப்பு என்ற மூன்றையும் முதலில் கேட்கலாம்.

கடைசியாக என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதை எழுதத் தொடங்கிய வாரம் காக்காவின் கடைக்குப் போனேன். பருப்பு, தேங்காய், பால்மா. வெறுங்கையோடு போயிருந்தேன். காக்கா ஒன்றும் சொல்லாமல் ஒரு பேக்கை எடுத்து நீட்டினார். நானும் வாங்கிக்கொண்டேன். வாசலுக்கு வந்த பிறகுதான் வெட்கம் வந்தது.

அந்த மாணவிக்கு இப்போது பதில் எழுதியிருக்கிறேன்: "மகள், அவர் எங்களைப் போன்ற மனிதர்தான். அடுத்த முறை நீங்கள் கடைக்குப் போகும்போது ஒரு துணிப்பை கொண்டுபோங்கள். உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவரும் கொண்டுவந்தால், அவர் பேக் கொடுப்பதை நிறுத்திவிடுவார்."